மொளகு என்றால் மிளகா, மிளகாயா?

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். பாலக்காட்டு எல்லையில் காட்டு விலங்குகளால் ஏற்படும் பயிர்ச்சேதம் பற்றிய கள ஆய்வில் சேரப் போகிறேன். மலையாளம் தெரியாது. குழுவில் தெலுங்கர், வங்காளி, மணிப்பூர்க்காரர் எல்லாம் இருக்கிறார்களாம். ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிட முடியாதா? மொழி படிக்கிற நேரத்தில் புள்ளியியல் படித்தால் உருப்படலாம் என்கிறார் என் அண்ணன். பல மொழி, பல பண்பாடு, ரொம்ப ஜாலி என்று சொல்கிறவர்களையும் முழுசாக நம்ப முடியவில்லை."

அண்ணன் சொல்வதில் பாதி சரி. புள்ளியியலைக் கட்டாயம் படியுங்கள். மீதிப் பாதி ஏன் சரியில்லை என்பதற்கு என் கதையே போதும். எனக்கு ஊர் ஆனைமலை. பதினெட்டு வருஷமாக ஆனைக்கட்டி, அட்டப்பாடி, சித்தூர், பறம்பிக்குளம் என்று இந்த எல்லையிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வருஷம் மலையோரத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய், யானை வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். பட்டாசு, தகரம் தட்டுவது, தீ மூட்டுவது என்று வழக்கமான பதில்கள் வந்தன. பலர் "மொளகு" என்றார்கள். காய்ந்த சாணியோடு சேர்த்துப் புகைபோடுவார்களாம். நம் வீட்டில் ரசத்துக்குப் போடுவதும் மொளகுதானே! நோட்டில் "மிளகு" என்று எழுதினேன். ராத்திரி கணினியில் ஏற்றும்போது, கருப்பு மிளகுக்குரிய ஆங்கிலப் பெயரைப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அட்டவணையைப் பார்த்த எங்கள் மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மிளகு விற்கிற விலைக்கு, அதை யாரப்பா சாணியில் போட்டு எரிக்கிறது?"

திரும்பப் போனேன். முதல் வீட்டுச் சேச்சி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "குருமொளகோ? அது கத்திச்சா ஞங்ஙள் எங்ஙனெ ஜீவிக்கும்?" அதை எரித்தால் நாங்கள் எப்படிப் பிழைப்பது என்கிறார். அவர்கள் எரித்தது மிளகாய். மலையாளத்தில் முளகு என்றாலே மிளகாய்தான். நம் மிளகு அங்கே குருமுளகு, தெற்கே போனால் நல்லமுளகு. போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கச் செடி வந்து இறங்கியபோது, தமிழ் அதை மிளகுக் காய் என்று பழையதின் பெயரோடு ஒட்டி அழைத்தது. மலையாளமோ பழைய பெயரையே புதுசுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பழையதுக்கு ஒரு அடைமொழி மாட்டியது. ஐந்நூறு வருஷத்துக் கதை, என் அட்டவணையில் ஒரு பத்தி முழுக்கப் பிழையாக வந்து உட்கார்ந்தது. எந்தப் புள்ளியியல் மென்பொருளும் இதைக் கண்டுபிடித்திருக்காது. எண்ணிக்கை சரி, கூட்டல் சரி, பொருள்தான் வேறு.

ஆங்கிலம் மட்டுமே வைத்திருந்தால் இது நடந்திருக்காதே என்பீர்கள். நடந்திருக்கும், உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும். சேச்சி ஆங்கிலம் பேசப் போவதில்லை. நடுவில் ஒருவர் மொழிபெயர்ப்பார், அவர் தூக்கிப் போடுகிற சொல்தான் உங்கள் தரவு. குழுக் கூட்டம் ஆங்கிலத்தில், அறிக்கை ஆங்கிலத்தில். நல்லது, அதற்குத்தான் ஆங்கிலம். ஆனால் காட்டைத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்கள். டீ குடிக்கிற நேரத்தில் வெளியே நின்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்கு உபயோகமான தகவலில் பெரும்பகுதி அந்த டீ நேரத்தில் கிடைத்ததுதான்.

தமிழருக்கு மலையாளம் சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்டுப் புரிந்துகொள்வது சுலபம்தான். ஆபத்தே அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. வங்காளி நண்பருக்கு ஒன்றும் புரியாது, அதனால் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பார். நமக்குப் புரிந்த மாதிரி இருக்கும், கேட்காமல் விட்டுவிடுவோம்.

இதில் மிக நுட்பமான குழி சொற்களில் இல்லை, வினையில் இருக்கிறது. நாம் கண்டேன், கண்டாய், கண்டாள், கண்டார்கள் என்கிறோம். பார்த்தது யார் என்பதை வினையின் வாலே சொல்லிவிடும். மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே "கண்டு". ஞான் கண்டு, நீ கண்டு, அவள் கண்டு, அவர் கண்டு. (பழைய மலையாளச் செய்யுளில் அந்த வால்கள் உண்டு, பிற்பாடு உதிர்ந்துவிட்டன.) பேச்சில் எழுவாயையும் அடிக்கடி விட்டுவிடுவார்கள். "இன்னலெ ராத்திரி ரண்டு ஆனயெ கண்டு" என்று ஒருவர் சொன்னால், தமிழ்க்காது "நான் பார்த்தேன்" என்று தானாகவே நிரப்பிக்கொள்ளும். பார்த்தது அவரா, மச்சானா, பால் ஊற்றுகிறவரா?

கள ஆய்வில் இது சின்ன விஷயம் இல்லை. நேரில் பார்த்தது ஒரு ரகம், கேள்விப்பட்டது இன்னொரு ரகம். ஒரே யானையை நாலு பேர் சொன்னதைக் கேட்டு நாலு யானை என்று எழுதிவிடலாம். ஒரு தடவை நாங்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினோம். வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் ரயில் பாதையை யானைகள் கடக்கிற இடங்களைப் பற்றி விசாரித்தபோது, ஒரே இரவில் மூன்று கூட்டம் என்று குறிப்பு வந்தது. துருவிக் கேட்டதில் பார்த்தவர் ஒருவர், அவரிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். அதற்குப் பிறகு படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம். "ஆரா கண்டது?" என்ற அந்த ஒரு கேள்வியைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். உங்களுக்கும் இப்போது சொல்லியாகிவிட்டது.

மரப்பெயர்களுக்கு வந்தால் ஜாலியும் குழப்பமும் ஒன்றாகவே வரும். வேங்கை அங்கே வேங்ங, மருது அங்கேயும் மருது, நெல்லி நெல்லிதான். தைரியம் வந்துவிடும். அப்புறம் "பால" என்பார்கள். நமக்குப் பாலை என்றால் வெட்பாலை, உலக்கைப்பாலை, இல்லையென்றால் சங்கப் பாட்டின் வறண்ட நிலம். அவர்களுக்குப் பால என்றதும் நினைவுக்கு வருவது ஏழிலம்பால. நம் ஏழிலைப்பாலைதான் அது, ராத்திரியில் மணக்கிற பூ, மரத்தில் யட்சி. அதன் தாவரவியல் பெயர் அல்ஸ்டோனியா ஸ்காலாரிஸ். அந்தப் பலகையில் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்ததால் "பள்ளிக்குரிய" என்று பொருள்படும் அடைமொழி. யட்சி, பள்ளிக்கூடம், பாலைத்திணை மூன்றையும் ஒரே மரத்தடியில் நின்று பேசலாம். புளியும் அப்படித்தான். நமக்கு ஒரே புளி. அங்கே வாளன்புளி, குடம்புளி, இரும்பன்புளி என மூன்று குடும்பத்து மரங்கள். "புளி காய்ச்சிருக்கு" என்று யாராவது சொன்னால், எந்தப் புளி என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இப்படி மொழி தாண்டி மொழி கேட்டு எழுதுவது நம் காலத்து வேலை இல்லை. கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீடு முன்னின்று உருவாக்கிய 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 700-க்கும் மேற்பட்ட செடிகள். தகவல் தந்தவர்களில் முக்கியமானவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். கூடவே ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணிப் பண்டிதர்கள். அச்சுதன் மலையாளத்தில் சொன்னது போர்ச்சுகீசியத்துக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. படங்களில் செடிப்பெயர்களை மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் பொறித்தார்கள். பின்னால் லின்னேயஸ் தன் வகைப்பாட்டுக்கு இந்த நூலைக் கையாண்டார். அந்த லத்தீனை மொத்தமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் கே.எஸ். மணிலால், 2003-இல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

இதன் ருசி தெரிய வேண்டுமானால், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிற ஹெர்பேரியத்தில் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். மொரிங்கா என்பது முருங்கை. எலெட்டாரியா என்பது ஏலத்தரி. அரேகா என்பது அடக்கா, நம் அடைக்காய். அடாதோடா என்பது ஆடாதோடை. மஞ்சிஃபெரா என்பது மாங்காயைத் தாங்குவது. உலகம் முழுக்க ஒரே பொதுமொழி என்று நாம் நினைக்கிற லத்தீன் பெயர்களுக்குள் நம் சந்தைக்கடைச் சத்தம் கேட்கிறது. மணிப்பூர் நண்பருக்கு முருங்கைக்காய் சாம்பார் பரிமாறி, மொரிங்கா இதுதான் என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது காலக்கணக்கு. நாம் ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறோம், ஐப்பசியை அடைமழை என்கிறோம். எல்லை தாண்டினால் ஆடி கர்க்கடகம் ஆகிவிடும், ஆவணி சிங்ஙம், வைகாசி இடவம். தென்மேற்குப் பருவமழைக்குப் பெயரே இடவப்பாதி. இடவ மாதம் பாதியில் வருவது. வானிலைத் துறை கேரளத்துக்கு வைத்திருக்கிற வழக்கமான தொடக்கத் தேதி ஜூன் 1. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஐப்பசி மழைக்கு அங்கே துலாவர்ஷம் என்று பெயர். இவ்வளவும் பெயர் மாற்றம்தான், ஒரு அட்டவணை போட்டு மாட்டிவிடலாம்.

ஆனால் விவசாயிகள் மாதத்தில் பேசமாட்டார்கள், ஞாற்றுவேலையில் பேசுவார்கள். ஞாயிற்று வேளை என்று நம் மொழியில் பிரித்தால் விளங்கிவிடும். சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்குகிற காலம். வருஷத்துக்கு 27, ஒன்றுக்குப் பதிமூன்று பதினாலு நாள். மகயிரம் ஞாற்றுவேலை (நம் மிருகசீரிடம்) ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கும். அது முடிந்து ஜூன் கடைசியில் திருவாதிரை ஞாற்றுவேலை. மிளகுக்கொடி நட அதுதான் நேரம். வெள்ளைக்காரன் கொடியைக் கொண்டுபோகட்டும், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் அமைச்சர் சொன்னதாகக் கதை உண்டு. கதைதான், ஆனால் விஷயம் தெரிந்தவர் கட்டிய கதை.

கொல்லங்கோடு பக்கம் ஒரு பெரியவரிடம், எந்த மாதத்தில் பன்றி அதிகமாக இறங்குகிறது என்று கேட்டேன். மாதம் தெரியாது என்றார். படிவத்தில் "தெரியாது" என்று குறித்துவிட்டு எழப்போனேன். கூட வந்த உள்ளூர்ப் பையன்தான் "ஞாற்றுவேல சோதிக்கூ சேட்டா" என்று முழங்கையால் இடித்தான். ஞாற்றுவேலை கேட்டதும், எந்த ஞாற்றுவேலையில் எந்தப் பக்க வயலுக்கு வரும் என்று கடகடவென்று சொன்னார். எங்கள் படிவத்தில் முப்பது நாளுக்கு ஒரு கட்டம். அவர் மனசில் பதினாலு நாளுக்கு ஒரு கட்டம். அவருடைய அளவுகோல் எங்களுடையதைவிட நுணுக்கமானது. அதைத் "தெரியாது" என்று எழுதிவிட்டுக் கிளம்ப இருந்தேன்.

திசைச்சொல்லிலும் ஒரு வேடிக்கை. நமக்குக் கிழக்கு கீழே, மேற்கு மேலே. மலை மேற்கே இருப்பதால் சரியாகப் பொருந்தும். மலையாளிக்கு மலை நிற்பது கிழக்கே. ஆனாலும் அவர்கள் சொல்வது கிழக்கு என்றுதான். மேற்குக்கு மட்டும் ஞாயிறு படும் திசை என்ற பொருளில் படிஞ்ஞாறு. இதைக் கால்டுவெல் 1856-இல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கவனித்து, மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போன சொல் என்று வாதாடினார். ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து "கிழக்கு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நிலமும் இப்படித்தான் கலந்து கிடக்கிறது. சித்தூர் தாலுக்காவில் கொழிஞ்ஞாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கரிசல் மண். கேரளத்தில் வேறெங்கும் இப்படிப் பார்ப்பது அரிது. கடையில் தமிழ், பள்ளியில் மலையாளம், வீட்டில் இரண்டும். பறம்பிக்குளம் கேரளத்துக் காடு. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். உள்ளே அணைகளைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு. காடர், மலசர், முதுவர், மலைமலசர் என்று அங்கே குடியிருப்பவர்கள் இந்தக் கோட்டுக்கு முன்பிருந்தே இருப்பவர்கள். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர். இருளர் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கம். அதனாலேயே "இது கொச்சைத் தமிழ்தானே" என்று நம் ஆள் ஒருவர் வாய்விட்டார், அன்று மாலையிலிருந்து யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அது தனி மொழி, அப்படியே மரியாதை கொடுங்கள்.

சரி, குழுவுக்குள்? ஓணத்துக்கு இலைபோட்டு அடைப்பிரதமன், பொங்கலுக்கு நம் பானை, பூஜா நாளில் வங்காளியின் கிச்சுரி. நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். பல நிறுவனங்கள் பண்பாட்டு விழா என்று இதோடு முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை, பாயசத்தில் மட்டும் உண்டு.

அதைவிட ருசியான சங்கதி தினசரி வேலையில் கிடைக்கும். "அவசரம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சீக்கிரம் செய்ய வேண்டியது. தெலுங்கில் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு. நெல்லூர்க்காரத் தம்பி காட்டுக்குள் கேமரா பொறிகளை, அதாவது விலங்கு கடந்தால் தானாகவே படமெடுக்கிற கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேட்டரி அனுப்பட்டுமா என்றேன். "அவசரம் லேது அண்ணா" என்றான். மெதுவாக அனுப்பலாம் போல என்று அடுத்த வாரம் ஜீப் பிடித்து ஒரு பெட்டி அனுப்பினேன். அவன் சொன்னது தேவையில்லை என்று. ஜீப் வாடகையை நான் எந்தக் கணக்கில் எழுதினேன் என்று கேட்காதீர்கள். அதே வாரம் மலையாளத் தோழி "அவசரம் கிட்டியில்லா" என்று செய்தி அனுப்பியிருந்தார். பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதை, நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு விதமாகப் படித்தோம்.

இன்னொன்று: அம்மாவிடம் என் நண்பர் போனில் "மோன் வலிய சாஸ்த்ரஞ்ஞன் ஆகும்" என்று பாராட்டினார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, ஜாதகம் பார்க்கப் போறியா?" என்றார். மலையாளத்தில் சாஸ்திரம் என்றால் அறிவியல். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து என்ற அறிவியல் இயக்கத்தின் பெயரிலேயே அந்தச் சாஸ்திரம் இருக்கிறது.

பரிஷத்தைச் சொன்னதும் வழி ஒன்று ஞாபகம் வருகிறது. எழுத்தைப் படிக்க இரண்டு மூன்று வாரம் போதும். பஸ் போர்டில் தொடங்குங்கள். பிறகு இலக்கணப் புத்தகம் வாங்காமல், பரிஷத்து 1970 முதல் நடத்துகிற 'யுரேக்கா' என்ற குழந்தைகள் அறிவியல் இதழை வாங்குங்கள். நம் 'துளிர்' மாதிரி. தவளை, மழை, கோள், கிருமி எல்லாம் எளிய மலையாளத்தில் வரும். உங்கள் துறைச் சொற்கள் கதையோடு மனசில் நிற்கும். நான் பதிலுக்குத் துளிர் இதழ்களைக் கொடுத்து, மலையாள நண்பர் ஒருவருக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார் என்பது சற்று எரிச்சல்தான்.

கசப்பையும் மறைக்கக் கூடாது. ஞாற்றுவேலையைக் கேட்கச் சொன்ன அந்தப் பையனின் பெயர் எங்கள் கட்டுரையில் வரவில்லை. "உள்ளூர் உதவியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி போனது. நான் அப்போது வாய் திறக்கவில்லை. வேறு விதமாகவும் நடந்திருக்கிறது: 1987-இல் அகத்தியமலையில் காணி இனத்தவர் களைப்பு தீரத் தின்ற காய் ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட்டது. ஆரோக்கியப்பச்சை என்று அதற்குப் பெயர். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தபோது, பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் தனக்கு வந்த உரிமத்தொகையில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. அந்த ஏற்பாட்டிலும் சச்சரவுகள் இருந்தன. ஆனாலும், அறிவு யாருடையது என்ற கேள்வியை அது மேசைமேல் வைத்தது. நீங்கள் சேருகிற திட்டத்தில் களப்பணியாளர்களின் பெயர் எங்கே வரும் என்று முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கடைசியில் கேட்டால் இடம் இல்லை என்பார்கள்.

அண்ணனுக்குச் சொல்லுங்கள்: காலையில் ஒரு மணி நேரம் புள்ளியியல், சாயங்காலம் டீக்கடையில் ஒரு மணி நேரம் மலையாளம். இரண்டுக்கும் நேரம் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் தங்கப் போகிற இடங்களில் பாதியில் செல்போன் டவர் எடுக்காது. கர்க்கடகத்தில் வருவதாக இருந்தால் முழங்கால்வரை ஏறுகிற துணி உறை, உப்பு, புகையிலைத் தூள் கொண்டுவாருங்கள். அட்டைக்கு அங்கேயும் "அட்ட" என்றுதான் பேர்.